ஐஸ்பெட்டிக்கு ஓய்வு கொடுத்த வீடு

என் மாமனார் மின்சாரத்தை ஒரு நாளும் நம்பியதில்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கதவை உடைத்து வருகிற திருடனுக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவருக்குள்ளேயே கம்பி வழியாகத் திருடன் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி, கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அந்த வரிசை வீட்டுக்கு நான் வந்தபோது, எனக்கு முதலில் காட்டியது சாமி அறை. அடுத்து காட்டியது மீட்டர் பெட்டி.

பெட்டி வாசல் சுவரில் இருந்தது. கண்ணாடிக்குள்ளே ஒரு வட்டத் தகடு சுற்றும். காலையில் நாங்கள் எல்லாரும் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் எதிரில் உட்காருவார். எதிர் வீட்டுக்காரர்கள் அவர் ஏதோ ஜபம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தகடு மெதுவாகச் சுற்றினால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். சாயங்காலத்தில் மட்டும் அங்கே உட்கார மாட்டார், கொசு பிடுங்கும். இந்தக் கொசு விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் அவருடைய சட்டங்கள் இருந்தன. டியூப் லைட்டை அடிக்கடி அணைக்கக் கூடாது. "ஒரு தடவ தட்டி எரிய வைக்கிறதுக்குள்ள அது ஒரு மணி நேரத்துக் கரண்ட குடிச்சிடும்லா" என்பார். அதனால் ஆளே இல்லாத குளியலறையில் பொழுது சாய்ந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை விளக்கு எரியும். மின்விசிறி விஷயத்தில் என் மாமியார் வைத்ததுதான் சட்டம். யாராவது விருந்தாளி வருகிறார்கள் என்றால், அவர்கள் வருவதற்கு வெகு நேரம் முன்னாலேயே காலி ஹாலில் விசிறியை முழு வேகத்தில் ஓட விடுவார், அறை குளிர்ந்து தயாராக இருக்க வேண்டுமாம். டிவியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதற்கு மேல் துணியையும் போர்த்தி விடுவார்கள். துணி எதற்கு என்று நான் கேட்கவில்லை. புது மருமகள் இல்லையா!

இதையெல்லாம் கேலி பண்ணுகிற அளவுக்கு எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு நாலு சட்டமாவது இருந்தது. ஆனால் மாமாவின் வீட்டில் சட்டம் இருந்தும் கரண்டு பில் குறையவில்லை. அதுதான் அவரைத் தூங்க விடாமல் செய்தது. தப்பு சட்டத்தில் இருக்கலாம் என்று அவர் நினைக்கவே இல்லை. தப்பு ஆளிடம்தான் இருக்க வேண்டும். முதலில் பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்பட்டார். "நம்ம ஒயர்ல கொக்கி போட்டிருக்கான்" என்று முக்காலி மேல் ஏறி, டார்ச் அடித்துக் கூரைச் சந்தைப் பார்த்தார். கொக்கி இல்லை. அப்புறம் நான் வந்தேன். நான் வந்த மாதத்திலிருந்து பில் ஏறுகிறது என்று அத்தையிடம் சொன்னது சமையலறையில் நின்ற என் காதில் விழுந்தது. என்னிடம் ஒரு ஹேர் டிரையர்கூடக் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் வந்தது, அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு இன்சுலின் ஊசி. பெண் பார்க்க வந்தபோதே என் அப்பா இதை மறைக்காமல் சொல்லிவிட்டார். அத்தை கொஞ்சமும் யோசிக்காமல், "அதுக்கென்னங்க, ஊசி போட்டா சரியா இருக்கப் போறா" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போனது. என் கணவர் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் இருந்தார். அமைதியானவர், அதிகம் பேச மாட்டார். நான் பங்சாரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அத்தை பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தார். காலைப் பள்ளி, மாலைப் பள்ளி இரண்டும் முடிந்துதான் வீட்டுக்கு வருவார். ஆக, பகல் முழுக்க வீட்டில் மாமா மட்டும்தான்.

எனக்குக் குழந்தை வேண்டும். இதை இப்படி நேராகச் சொல்ல அந்தக் காலத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை. தெருவில் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு நிற்பேன். பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "மொதல்ல சர்க்கரை ஒரு கட்டுக்குள்ள வரட்டும். அதுக்கு முன்னாடி உண்டானா உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. தொடர்ந்து நல்ல ரிசல்ட் காட்டு, அப்புறம் நானே சொல்றேன்." எனக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. சாப்பாட்டில் நான் ஒழுங்கு. ஊசியிலும் ஒழுங்கு. சீக்கிரமே காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

இன்சுலின் பாட்டிலை ஐஸ்பெட்டியில்தான் வைக்க வேண்டும். அந்த வீட்டில் இருந்தது ஒற்றைக் கதவுப் பெட்டி. மேலே ஐஸ் கட்டும் அறை, அதற்கு நேர் கீழே ஒரு தட்டு. அது அத்தையின் சுத்தமான தட்டு. வெள்ளிக்கிழமைக்கான மல்லிகைப் பூ, அபிஷேகத்துக்கு எடுத்து வைத்த பால், இவை மட்டும்தான் அங்கே இருக்கலாம். மீனும் கோழியும் கீழே, கவிச்சி மேலே ஏறக் கூடாது. நான் வந்த முதல் நாள் என் பாட்டிலை நடுத் தட்டில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். அத்தை பதறிப் போய் எடுத்தார். "உசிர காப்பாத்துற மருந்து, அது மீனோட கெடக்கலாமா? சாமி சாமானோட இருக்கட்டும்" என்று மேல் தட்டில், ஐஸ் அறையை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கிவிட்டது.

முதல் ரிசல்ட் மோசமாக வந்தது. கல்யாண விருந்துகள் என்று டாக்டரம்மா விட்டுவிட்டார். இரண்டாவது அதைவிட மோசம். வீட்டில் சிறுநீரில் முக்கிப் பார்க்கிற அட்டைத் துண்டுகள் கொடுத்திருந்தார்கள், சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும், நிறைய இருந்தால் பழுப்பாக மாறும். கல்யாணத்துக்கு முன்னால் எனக்குப் பெரும்பாலும் நீலம். இங்கே வந்த பிறகு தினமும் பழுப்பு. டாக்டரம்மா ஊசியின் அளவைக் கூட்டினார். அடுத்த முறை இன்னும் கூட்டினார். கூட்டிவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "வெளிய என்ன சாப்பிடுற? என்கிட்ட பொய் சொல்லாத." நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் தரையைப் பார்த்தார்.

அன்றிலிருந்து வீடு மாறியது. சீனி டின் இருந்த இடத்தில் இல்லை, அத்தையின் துணி அலமாரிக்குப் போயிற்று. நான் குப்பையில் எதையாவது போட்டால் மாமா பிறகு போய்க் குனிந்து பார்ப்பார். கரண்டைத் திருடுகிறவள் சீனியையும் திருடுவாள்தானே! என் கைப்பை நான் வைத்த மாதிரி இருக்காது. ஜிப் முழுக்க மூடியிருக்கும். நான் எப்போதும் பாதிதான் மூடுவேன்.

என் கணவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இன்னும் பிரியமாக இருந்தார். சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்ததும், யாரும் பார்க்காமல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இழுத்து முத்தம் கொடுப்பார். அமைதியான மனிதர் இப்படிச் செய்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? பஸ்ஸில் வரும்போதே எனக்குச் சிரிப்பு வரும். ஒரு நாள் ஏதோ தோன்றி நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவருடைய கண்ணும் திறந்திருந்தது. மூக்கு விடைத்திருந்தது. அவர் என் வாயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்லலா."

நான் போய்க் குளியலறையில், எப்போதும் எரிந்துகொண்டிருக்கிற அந்த டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். அசிங்கமாக இருந்தது. என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சந்தேகம் தொற்று வியாதி. எனக்கும் வந்தது. என் தம்பியின் கல்யாணம் நெருங்கியதால் உதவிக்கு ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போகக் கேட்டிருந்தேன். போகிற நாள் காலையில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மறுபடியும் ஊசியைக் கூட்டி, புது பாட்டில் கொடுத்து, இந்த முறை ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். "அடுத்த ரிசல்ட்டும் இப்படியே இருந்தா, பிள்ளை ஆசைய விட்டுடறதப் பத்தி நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க." நான் அங்கிருந்தே கிள்ளான் பஸ் ஏறினேன். போனதும் பாட்டிலை அம்மாவின் ஐஸ்பெட்டியில், கருவேப்பிலைக்கும் கருவாட்டுக்கும் நடுவில் வைத்தேன். அம்மாவுக்கு சுத்தமான தட்டு எதுவும் கிடையாது.

மறுநாளே அட்டை நீலமாக வந்தது. அதற்கு அடுத்த நாளும் நீலம். கல்யாண வீட்டில் லட்டு பிடிக்கிற கைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், நீலம்! மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேர்த்துக் கொட்டியது, கை லேசாக நடுங்கியது. ஓடியாடி வேலை செய்கிறோம், அதனால்தான் என்று சீக்கிரமாகச் சாப்பிட்டேன். ஆனால் என் மூளை வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா வீட்டில் நீலம். அந்த வீட்டில் பழுப்பு. அப்படியானால் அந்த வீட்டில் யாரோ எனக்குத் தெரியாமல் எனக்கு இனிப்புக் கொடுக்கிறார்கள். காலைக் கோப்பியை யார் கலக்குகிறார்கள்? அத்தை. ஏன் செய்கிறார்? நோயாளி மருமகளுக்குப் பிள்ளை பிறக்க வேண்டாம் என்று நினைக்கிறாரா?

ஊருக்குத் திரும்பிய சனிக்கிழமை, அம்மா வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு, சரியாகப் பசியாறாமல் பஸ் ஏறிவிட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கும்போது காலில் பலமில்லை. கண் முன்னால் கறுப்புப் பொட்டு பறந்தது. இது சர்க்கரை இறங்குகிற அறிகுறி என்று எனக்குத் தெரியும், உடனே இனிப்பாக எதையாவது விழுங்காவிட்டால் ரோட்டிலேயே விழுந்து கிடப்பேன். எதிரில் கோப்பி, சர்பத் விற்கிற தண்ணிக் கடையில், "அண்ணே, சிராப் ஒண்ணு, சீக்கிரம்ணே" என்றேன். அந்தச் சிவப்பு ரோஸ் சர்பத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். இரண்டாவது கிளாசிலிருந்து வாயை எடுத்தபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாசாரில் காய்கறி வாங்கிய கூடையோடு அத்தை நின்றுகொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் ஹாலில் கோர்ட்டு நடந்தது. சேலையும் மாற்றவில்லை, நான் நடுவில் நிற்கிறேன்.

"என் கண்ணால பார்த்தேன்" என்றார் அத்தை. "ரெண்டு கிளாசு."

"சர்க்கரை எறங்கிடுச்சு அத்தை, மயக்கம் வந்துச்சு. குடிக்கலன்னா விழுந்திருப்பேன்."

"டாக்டர் ஏறிக்கிட்டே போகுதுன்னு சொல்றாங்க" என்றார் என் கணவர் மெதுவாக. "நீ எறங்கிடுச்சுன்னு சொல்ற. எப்படிம்மா?"

கோபத்தில் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். "எங்கம்மா வீட்ல நீலமா வந்துச்சு. இங்க மட்டும் ஏன் பழுப்பு? இந்த வீட்ல யாரோ என் கோப்பியில சீனி போடுறாங்க!"

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கேன்டீனில் நூறு பிள்ளைகளுக்குக் கரண்டி பிடித்த கையால் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். என் கணவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, தோளில் கை வைத்தார். "பிள்ளை பேச்ச விட்டுடலாம்மா. நமக்கு நாம போதும். நான் உன்ன குத்தம் சொல்லல." குற்றம் சொல்லவில்லையாம்! அதற்கு அவர் ஹாலில் நின்று கத்தியிருக்கலாம்.

அதற்குப் பிறகு என் கோப்பியை நானே கலக்கினேன். என் சோற்றை நானே வடித்தேன். குடிக்கிற தண்ணீரைக்கூட நானே காய்ச்சினேன். அத்தையும் நானும் ஒரே அடுப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்தோம். அப்படியும் அட்டை பழுப்பாகத்தான் வந்தது. அத்தை போடவில்லை, நானும் சாப்பிடவில்லை. அப்படியென்றால்? தூக்கத்தில் எழுந்து போய் எதையாவது தின்கிறேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. கைவிரலை மோந்து பார்த்தேன். பாட்டிலில் மருந்து முன்பு மாதிரிப் பாலாகக் கலங்காமல், கண்ணாடியில் ரவை ஒட்டிய மாதிரிப் பொடிப் பொடியாக நின்றது. "நல்லா குலுக்கு" என்றார் என் கணவர். குலுக்கிப் போட்டுக்கொண்டேன்.

அத்தைக்கு வேறொரு சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது, பூக்காரியோடு. வியாழக்கிழமை சாயங்காலம் வாங்கி வைக்கிற மல்லிகை வெள்ளிக்கிழமை காலையில் வெந்த மாதிரி பழுத்துப் போய்விடும். "பழைய பூவுக்குத் தண்ணி தெளிச்சு என் தலையில கட்டுறா" என்று அவளோடு கோயில் வாசலிலேயே சண்டை போட்டார். வேறு பூக்காரியிடம் மாறினார். அவள் பூவும் வெந்தது. அவளும் கள்ளிதான் என்று முடிவு கட்டினார்.

மோசமான ரிசல்ட் வரப்போகிற ஆஸ்பத்திரி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பங்சாரில் என் ஆபீஸ் தோழியின் கல்யாண விருந்து. எனக்குப் போக இஷ்டமில்லை, என் கணவர் இழுத்தார். தலை வாரி முடித்ததும் பூ வைக்க வேண்டுமே என்று நினைத்தேன். அத்தையிடம் பேசி வாரக்கணக்காகிறது. போய் நின்று, "அத்தை, கொஞ்சம் பூ எடுத்துக்கட்டா?" என்றேன். அவர் முகத்தைத் திருப்பாமல், "மேல் தட்டுல இருக்கு" என்றார்.

எடுத்தேன். வாழை இலைப் பொட்டலம் கல்லு மாதிரி இருந்தது. பிரித்ததும் சரம் கையை விட்டு நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. பூ விழுந்தால் சத்தம் வருமா? வந்தது. வறுத்த கச்சான் கடலை சிதறுகிற மாதிரி மொக்குகள் தெறித்து மூலைக்கு மூலை ஓடின. அத்தை திரும்பிப் பார்த்தார். நானும் அவரும் தரையைப் பார்த்தோம், பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

பூவுக்குப் பக்கத்தில்தான் என் மருந்து டப்பா. பாட்டிலை எடுத்துச் சாய்த்தேன், உள்ளே இருந்தது சாயவில்லை. வெள்ளையாக, கட்டியாக, ஐஸாக நின்றது. பள்ளிக்கூட வயதில் முதல் பாட்டில் கொடுத்த நாளே ஆஸ்பத்திரியில் சொன்னது காதில் கேட்டது. ஐஸ் ஆக விடக் கூடாது, ஒரு தடவை உறைந்துவிட்டால் அதில் மருந்தே இல்லை, தூக்கிப் போட்டுவிடு. நான் உறைந்து பார்த்ததே இல்லை. எனக்கு ஊசி காலையில், காலையில் அது எப்போதும் தண்ணீராகத்தான் இருந்தது. குனிந்து பெட்டிக்குள்ளே இருந்த குளிர்த் திருகைப் பார்த்தேன். கடைசி நம்பரில் நின்றது.

"யாரு இத இவ்ளோ வச்சது?" என்று நான் போட்ட சத்தத்தில் என் கணவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடி வந்தார். பின்னாலேயே மாமா, கையில் பேப்பரோடு, கொஞ்சம் பெருமையாகவே வந்தார்.

"நான்தான். சாயங்காலம் தட்டும்போது கடைசியில வச்சாத்தான் சீக்கிரம் குளிரும்."

"சாயங்காலம் தட்டுறதுன்னா?"

"பின்ன? பகலெல்லாம் வீட்ல ஆளே இல்ல, அது யாருக்காக ஓடணும்? நீங்க போனதும் அணைச்சிடுவேன். மிஷினுக்கும் ஓய்வு வேணும்லா. நீங்க வர்றதுக்கு முன்னால தட்டி, கடைசி நம்பர்ல வச்சிடுவேன், உட்ட குளிர எல்லாம் ஒரே பிடியா பிடிச்சிடும். படுக்கப் போறப்ப ஒண்ணுக்குக் கொறச்சிடுவேன். நீங்கதான சொல்லுவீங்க, தண்ணி ஜில்லுன்னு இருக்குன்னு?"

சொல்லியிருக்கிறோம். வேலையிலிருந்து வந்து குடிக்கும்போது எல்லாரும் சொல்லியிருக்கிறோம். அந்த ஜில்லென்ற தண்ணீருக்கு மேலே, சாமி சாமான்களோடு, என் மருந்து ஒவ்வொரு சாயங்காலமும் உறைந்தது, விடிவதற்குள் ஒன்றும் தெரியாத மாதிரி உருகியது. நம்பர் கூடினால் குளிர்கிற வேகம் கூடும் என்று நினைத்திருக்கிறார். வேகம் அதேதான். எங்கே போய் நிற்பது என்று பெட்டிக்குத் தெரியாமல் போனதுதான் மிச்சம்.

"ஐயோ, அந்தப் பூக்காரி!" என்று அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். அந்தக் கை அவர் வாயிலிருந்து இறங்கவே இல்லை.

நான் மாமாவின் கையைப் பிடித்தேன். மருமகள் மாமனாரின் கையைப் பிடித்து இழுப்பது அந்த வீட்டில் அதுவரை நடக்காத காரியம். வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், கொசு மொய்க்க மொய்க்க, டார்ச்சை மீட்டர் பெட்டி மேல் அடித்தேன். தகடு பேய் பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. பகல் முழுக்க அவர் நாற்காலி போட்டுக் காவல் காத்த கரண்டை, அவர் கொசுவுக்குப் பயந்து உள்ளே போன நேரத்தில் ஐஸ்பெட்டி ஓடி ஓடி வாரிக்கொண்டிருந்தது.

"அப்ப பக்கத்து வீட்டுக்காரன்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க மிச்சம் பிடிச்சது என் பிள்ளைய, மாமா" என்றேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யாராவது ஒருவர் அந்த வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசை மேல் வைத்தார். பிறகு, "உங்கம்மா வீட்ல இவ்ளோ கூட்டின அளவுல நல்ல மருந்து போட்டதுக்கு நீ ரோட்ல விழாம தப்பிச்சது பெருசு" என்று சொல்லி, அளவைப் பழையபடி இறக்கினார். அத்தை நடுத் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி எனக்குக் கொடுத்தார். மீன் மூடி போட்ட டப்பாவுக்குள் போனது. சீனி டின் எந்தப் பேச்சும் இல்லாமல் அடுப்பங்கரைக்குத் திரும்பி வந்தது. "எதுக்கும் அந்த சிராப் கடப் பக்கம் போகாதம்மா" என்று மட்டும் அத்தை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மாமா மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. ஆனால் நாற்காலியை வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில் போட்டுக்கொண்டார். ஐஸ்பெட்டி ஓடுகிறதா என்று பகல் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

அட்டை நீலத்துக்குத் திரும்பியது. ஒரு நல்ல ரிசல்ட், இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. "இனிமே பார்க்கலாம்" என்று டாக்டரம்மா சிரித்தார். நான் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அன்று சாயங்காலம் என் கணவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் என்னை இழுத்தார். வெகு நாளைக்குப் பிறகு. மாமா கோயிலுக்குப் போயிருந்தார், ஐஸ்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் பக்கத்தில் வந்ததும் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, தானாக அடங்கியது.

"என்னம்மா?"

"மத்தியானம் டீ குடிச்சேன்" என்றேன். "சீனி போடல."

அவர் கையை எடுத்துவிட்டார். அந்தக் கதவின் மேல் சாய்ந்துகொண்டு, அதிகம் பேசாத அந்த மனிதர், சத்தம் போட்டு அழுதார். நான் தேற்றவில்லை. எனக்கு அப்போது தேற்றத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் மகள் பிறந்தாள், நல்லபடியாகப் பிறந்தாள். மாமாதான் அவளை முதலில் வாங்கித் தூக்கினார். இத்தனை வருஷமாகியும், என் கணவர் என் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வருமுன் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். தான் சோதிக்கவில்லை என்று நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் மூடுகிறார், எனக்குத் தெரியும். நானும் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து வைத்துப் பார்க்கிறேன்.